ஜெஸீமா ராத்தா சுவர்ப்பக்கம் திரும்பும் நேரம்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அந்த மரண அறிவித்தலை நான் முழுமையாகக் கேட்டேன். ஆனாலும் இறந்தது யார் என்று எனக்கு விளங்கவில்லை.

காலை ஏழு மணி இருக்கும். மகளுக்குப் பாணைத் தேநீரில் தோய்த்து ஊட்டிக்கொண்டிருந்தேன். இன்னாருடைய மகளும் இன்னாருடைய மனைவியுமானவர் வபாத்தானார் என்று தகப்பனின் பெயரையும் கணவனின் பெயரையும் சொன்னார்கள். பெண்களின் மரணத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அறிவிப்பார்கள். இரண்டு பெயர்களும் நான் அறியாதவை. வாய்க்குப் பழகிய "இன்னா லில்லாஹி"யைச் சொல்லிவிட்டு அடுத்த துண்டைத் தோய்த்தேன். ஒரு மணித்தியாலம் கழித்து மாமி, என் கணவரின் தாயார், கடையிலிருந்து திரும்பி வந்து முற்றத்தில் நின்றபடியே சொன்னார்:

"புள்ள, கேட்டியா? மௌத்தானது ஒங்கட கொம்பியூட்டர் ராத்தாவாம்."

ஜெஸீமா ராத்தா, ஊர்ப் பெண்களின் கணினிச் சிக்கல்களைத் தீர்த்துவைக்கும் அக்கா. அவருடைய கணவரை எல்லோரும் 'ஆட்டோ நானா' என்றே அழைப்போம். அவருக்கு இப்படி ஒரு நீண்ட பெயர் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. இடைப்பட்ட அந்த ஒரு மணித்தியாலத்தில் நான் கோப்பைகளைக் கழுவினேன், மகளுக்குத் தலை சீவினேன், கைபேசியில் யாரோ அனுப்பிய வேடிக்கைப் படம் ஒன்றைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைக்க இன்னமும் கூச்சமாக இருக்கிறது.

ஐந்து நாள் காய்ச்சல். டெங்கு என்றார்கள். புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. ராத்தாவுக்கு வயது நாற்பத்திரண்டு. அதற்குப் பிறகு இரண்டு மாதங்கள் கடந்துவிட்டன. இதை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும். எழுதுவதற்கு முன் வீட்டுக்குள் சரிசெய்யவேண்டிய காரியம் ஒன்று இருந்தது. அதைப் பற்றியும் சொல்லத்தான் போகிறேன். அவருடைய முன்னறையில், நீலத் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம், பிளாஸ்டிக் கதிரையில் உங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்களே, இது முக்கியமாக உங்களுக்கு.

நான் முதன்முதலில் அவரிடம் போனது தலைகீழாக. அப்படித்தான் சொல்லவேண்டும். மகள் அப்போது கைக்குழந்தை. என் பழைய மடிக்கணினியின் விசைகளில் இரண்டு கையாலும் ஓங்கி அடித்ததில் திரை தலைகீழாகத் திரும்பிவிட்டது. எழுத்துகள் காலைத் தூக்கிக்கொண்டு நின்றன. அணைத்துப் போட்டேன், மாறவில்லை. கணவர் கட்டாரில். அவரிடம் சொன்னால் புதிதாக வாங்க வேண்டுமோ என்று அவர் கவலைப்படுவார் என நினைத்து, இரண்டு நாட்கள் கணினியையே கவிழ்த்துச் சுவரில் சாய்த்து வைத்துப் பாவித்தேன். மூன்றாம் நாள் கழுத்து வலித்தது. பிள்ளையை ஒரு இடுப்பிலும் கணினியை ஒரு கையிலுமாகப் போய் நின்றேன்.

ராத்தா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தங்கச்சி எதுவரைக்கும் படிச்ச?"

"பட்டம் முடிச்சிட்டன் ராத்தா."

"தலைகீழா நின்டா?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் பக்கத்தில் அமர்ந்து, எந்த மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்று சொன்னார். தானாக அழுத்தவில்லை. அவர் எப்போதுமே அப்படித்தான். எவ்வளவு அவசரமானாலும் மற்றவரின் கணினியிலோ கைபேசியிலோ விரல் வைக்க மாட்டார். "கை ஒங்கட, வாய் என்ட" என்பார். திரை நிமிர்ந்தபோது, ஏதோ நானே பெரிய காரியம் சாதித்ததைப் போல மகளுக்குக் கை தட்டிக் காட்டினேன். என்ன தருவது என்று கேட்டதற்கு, "வீட்டில வெங்காயம் இரிந்தா நாலு தாங்க" என்றார். எங்கள் வீட்டில் வெங்காயம் இல்லாத நாளா?

அவர் மன்னாரில் பிறந்தவர். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் துரத்தப்பட்ட நேரம், உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு புத்தளத்துக்கு வந்தபோது ஏழு வயது. ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தி, தொலைபேசிக் கடை ஒன்றில் கடிதம் தட்டச்சுச் செய்யப் போய், அங்கேயே கணினியைக் கற்றவர். ஊரில் பெண்களுக்கு ஒன்லைன் வங்கியும் கைபேசியும் ஒன்றாக வந்து சேர்ந்த காலத்தில், ஆண்கள் இருக்கும் கடைக்குப் போய்த் தன் கணக்கைத் திறந்து காட்டக் கூசிய பெண்கள் எல்லோரும் அவருடைய முன்னறைக்கு வந்தார்கள். வாசலில் கருவாடும் வெங்காயமும் சேர்ந்தன. ஆட்டோ நானா ஒருநாள், "இது வீடா சந்தையா?" என்று கேட்டதாக ராத்தாவே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

கடவுச்சொல் அடிக்கும் நேரம் வந்தால் அவர் எழுந்துவிடுவார். எழுந்து, மேசைக்கு எதிரேயுள்ள சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். வெறும் கண்ணை மூடிக்கொண்டால் போதாதா என்று நான் ஒருமுறை கேட்டேன். "கண்ண மூடினா நீங்க என்ட கண்ணத்தான் பாத்துக்கொண்டு இரிப்பீங்க. முதுகக் காட்டினா நிம்மதியா அடிப்பீங்க" என்றார். "முடிஞ்சா சொல்லுங்க" என்று சுவரிடம் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். சில கிழவிகளுக்கு ஓர் எழுத்தைத் தேட ஒரு நிமிடம் பிடிக்கும். அவர் திரும்ப மாட்டார். அந்தச் சுவரில் பச்சைச் சாயம் உரிந்த இடம் ஒன்று இருந்தது. அதன் வடிவத்தை மனப்பாடமாகச் சொல்லுவார்.

எங்கள் கரையோரத்துக்கென்றே ஒரு பிழை இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். பள்ளிவாசல்துறை என்ற கடற்கரை ஊரிலிருந்து மிஸ்ரியா என்ற பெண் புதுக் கைபேசியோடு வந்திருந்தாள். வங்கிச் செயலியைப் போட்டுக் கொடுக்க வேண்டும். எல்லாம் முடிந்து, வங்கி அனுப்பும் ஆறிலக்க எண்ணுக்காகக் காத்திருந்தோம். வரவில்லை.

"பேங்கில எந்த நம்பரக் குடுத்த?"

"அவரட நம்பர்."

"அவர் எங்க?"

"கடல்ல."

ராத்தா தலையில் கை வைத்தார். பிறகு, "எடு போன" என்றார். மிஸ்ரியா கணவனை அழைத்து ஒலியைக் கூட்டினாள். சோளகக் காற்று இரைந்தது. "என்னடி, வலை இழுக்கக்குள்ள?" என்று ஒரு குரல். ஒரு எண் வந்திருக்கும், அதைச் சொல்லுங்கள் என்று இவள் கத்த, அவன் கத்திச் சொல்ல, பாதியைக் காற்று கொண்டுபோக, வள்ளத்தில் இருந்த மற்றவர்கள் ஆளுக்கொரு இலக்கமாகத் திருப்பிக் கூவ, இங்கே அடித்து முடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. மறுபடி. மறுபடியும். நான்காம் தடவைதான் சரிவந்தது.

"இந்தக் கரையில ஒன்ட நம்பர் தெரியாதது மீனுக்கு மட்டுந்தான்" என்றார் ராத்தா.

"மீனுக்கும் இப்ப தெரிஞ்சிரிக்கும் ராத்தா" என்றாள் மிஸ்ரியா.

மறுநாளே அவளை வங்கிக்கு அனுப்பி அவளுடைய சொந்த இலக்கத்தைப் பதியச் செய்தார். அதன் பிறகு யார் வந்தாலும் அவருடைய முதல் கேள்வி, "நம்பர் யாரட?" என்பதுதான். பத்தில் எட்டுப் பேருக்கு அது கணவனுடையது, அல்லது நானா என்று அழைக்கும் அண்ணனுடையது. கணக்கு இவர்கள் பெயரில். சாவி கடலிலோ கட்டாரிலோ.

எங்கள் பாதையின் கடைசி வீட்டில் ஒரு பெண் இத்தா இருந்தபோது நடந்ததை உங்களில் சிலர் அறிவீர்கள். கணவனை இழந்து நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியவர். அவருடைய கணக்கும் இறந்த கணவனின் இலக்கத்தில்தான் இருந்தது. அந்தக் கைபேசியை யாரோ எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். இத்தா முடியட்டும், பார்க்கலாம் என்றார்கள் மகன்மார். அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே. ராத்தா அந்த மகன்மாரில் மூத்தவரையே அனுப்பி அந்த இலக்கத்தை மீட்டெடுக்கச் செய்தார். அஸர் என்னும் பின்னேரத் தொழுகைக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் பாயில் இருந்தார். ஆறாம் நாள் அந்தப் பெண் தன் கணக்கைத் தானே திறந்தார். முப்பது வருடத்தில் தன் பெயரில் இருப்பதைத் தன் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று சொன்னாராம்.

அதைப் பற்றி ராத்தா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "பாஸ்வேர்ட் அடிக்கக்குள்ள அழுதா. நான் மற்றப்பக்கம் திரும்பி இரிந்தன். என்ன அடிச்சாண்டு தெரியாது. தெரியாமலே இரிக்கட்டும்."

இனி என்னுடைய கதை.

நான் பயந்த சுபாவம் உள்ளவள். பிள்ளை தும்மினால் கைபேசியில் காரணம் தேடுவேன். வங்கிக் கணக்கை ஒரு நாளைக்கு நான்கு தரம் திறந்து, இருக்கிறதா என்று பார்ப்பேன். ராத்தாவுக்கு இது தெரியும். கணினியில் சிவப்புப் பக்கம் ஒன்று தோன்றி, உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது, உடனே இந்த இலக்கத்துக்கு அழையுங்கள் என்று மிரட்டியபோது நான் அவரிடம் ஓடியிருக்கிறேன். "பயம் காட்டுறது எதுவும் நெசமான பேங்கும் இல்ல, நெசமான கொம்பெனியும் இல்ல. பேங்குக்கு எங்கள பயம் காட்ட எங்க நேரம்? வரிசையில நிக்க வைக்கவே நேரம் சரி" என்று சிரித்து அனுப்பினார். நானும் சிரித்தேன். கற்றுக்கொண்டதாகவும் நினைத்தேன்.

மகளுக்கு இடது கண் சற்று உள்வாங்கியிருந்தது. மாறுகண். சிறு வயதிலேயே சத்திரசிகிச்சை செய்தால் பார்வை தப்பும் என்றார் வைத்தியர். கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நாள் குறித்திருந்தோம். அதற்காகக் கணவர் இரண்டு வருடம் சேர்த்தது என் கணக்கில் இருந்தது. போவதற்கு ஒன்பது நாள் இருக்கையில், ளுஹர் தொழுகை முடிந்த நேரம், ஓர் அழைப்பு வந்தது. மரியாதையான ஆண் குரல். ஸலாம் சொன்னது. என் முழுப்பெயரையும் சொன்னது. உங்கள் விவரங்கள் புதுப்பிக்கப்படவில்லை, இன்று பின்னேரத்தோடு கணக்கு முடங்கிவிடும் என்றது. எனக்கு ஆஸ்பத்திரி வாசல் கண்ணுக்குள் வந்துவிட்டது. இடுப்பில் பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். எண் ஒன்று வரும், அதை வாசியுங்கள், நான் திறந்து விடுகிறேன் என்றார் அவர். வாசித்தேன். இன்னொன்று வரும் என்றார். அதையும் வாசித்தேன். பிறகு அந்தப் பக்கம் சத்தமில்லை.

செருப்புப் போடாமல் ஓடினேன். ராத்தா குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அரிவாளைக் கீழே வைத்தார். ஏன் சொன்னாய் என்று கேட்கவில்லை. எப்போது என்றுதான் கேட்டார். இப்போது என்றேன். வங்கியின் இலக்கத்தை மனப்பாடமாகச் சொல்லி என்னையே அழைக்கச் சொன்னார்.

"நீங்க கதைங்க ராத்தா, எனக்கு வாய் வருதில்ல."

"கணக்கு ஒங்கட பேரில. நான் கதைச்சா அவங்க கேக்க மாட்டாங்க. பேரச் சொல்லுங்க. அடையாள அட்ட நம்பரச் சொல்லுங்க. ஏமாந்திட்டன், கணக்க நிப்பாட்டுங்கண்டு சொல்லுங்க. மூணே மூணு வசனம்."

பிள்ளையை வாங்கிக்கொண்டு, மீன் வாடையடித்த மற்றக் கையை என் முதுகில் வைத்தார். நான் மூன்று வசனத்தையும் சொன்னேன். கணக்கை நிறுத்தினார்கள். பாதி போய்விட்டிருந்தது. மறுநாள் வங்கிக்கும் பொலிஸுக்கும் கூடவே வந்தார். எழுதிக்கொண்டார்கள். போனது திரும்பவில்லை.

படித்தவள் நான், எப்படி இதைச் செய்தேன் என்று அவருடைய முன்னறையில் இருந்து அழுதேன். "படிப்புக் குறைஞ்சா ஏமாந்தீங்க? பயந்து ஏமாந்தீங்க. பயந்த நேரம் படிப்பு வீட்டுக்குள்ள இரிக்கிறல்ல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, தனக்கு நடந்ததைச் சொன்னார். தொலைபேசிக் கடையில் வேலை செய்த காலத்தில், பரிசு விழுந்திருப்பதாக வந்த அழைப்பை நம்பி அவரும் எண் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். அவமானத்தில் யாரிடமும் சொல்லவில்லை. வங்கியிடமும் சொல்லவில்லை. "கள்ளன் ஒரு தரந்தான் களவெடுத்தான். நான் மறைச்சபடியா இன்னும் ரெண்டு தரம் எடுத்தான். அது என்ட கணக்கில எழுத வேண்டிய களவு." அன்று என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: "கட்டாருக்குச் சொல்லுங்க. இன்டைக்கே."

நான் சொல்லவில்லை.

வைத்தியர் நாளைப் பின்போட்டுவிட்டார் என்று கணவரிடம் சொன்னேன். அவர் நம்பினார். ராத்தாவே அலைந்து விசாரித்து, அரசாங்கக் கண் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் மகளைப் பதியவைத்தார். நான்கு மாதத்தில் அங்கே சத்திரசிகிச்சை நடந்தது. மாமிக்குப் பயணம் ஒத்துக்கொள்ளாததால் கொழும்புக்கு என்னோடு வந்ததும் ராத்தாதான். கண் நேரானது. கட்டுப் பிரித்த அன்று கணவர் காணொளி அழைப்பில் அழுதுவிட்டார். "டொக்டர் பின்போட்டது நல்லதுக்குத்தான். ஒரு சதமும் செலவில்லாம முடிஞ்சிட்டு. அந்தக் காசு அப்பிடியே கிடக்கட்டும், பெருநாளைக்கு வந்து பின்னறைக்குக் கூரை போடுவம்" என்றார். கைபேசிக்கு மேலால் ராத்தா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் "ஓம்" என்றேன்.

அதற்குப் பிறகு எப்போது கண்டாலும், "சொல்லிட்டீங்களா?" என்று கேட்பார். கிணற்றடியில், கடையில், கல்யாண வீட்டில் சஹன் என்னும் பெரிய சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி நாங்கள் இருக்கும்போதுகூட, சோற்றைப் பிசைந்தபடி காதோரம். கணவர் வருவதற்கு மூன்று மாதம் என்றிருந்தபோது, ஒருநாள் கேட்கவில்லை. நானே, "என்ன ராத்தா இன்டைக்குக் கேக்கல்ல?" என்றேன். "ஒங்கட வீடு, ஒங்கட வாய். நான் இனிக் கேக்கல்ல" என்றார். கோபமில்லை. கொஞ்சம் களைத்திருந்தார். ஒரு தொல்லை விட்டது என்று நான் உள்ளூர நிம்மதிப்பட்டேன், அந்தக் கிழமை அவர் வீட்டுப் பக்கம் போகவுமில்லை. அந்தக் களைப்பு காய்ச்சலின் தொடக்கம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஜனாஸா வீட்டுக்கு மாமியும் நானும் போனோம். பெண்கள் அந்த முன்னறையிலேயே இருந்தார்கள். மேசையை ஓரமாகத் தள்ளிப் பாய் விரித்திருந்தது. ஓதி முடித்த பிறகு ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கினோம். "எனக்கும் ஒரு விசயத்தில பெரிய உதவி செஞ்சாங்க" என்றார் ஒருவர். என்ன விசயம் என்று சொல்லவில்லை. "எனக்கும் ஒரு சிக்கல். அவங்க இல்லாட்டி…" என்று இன்னொருவர் நிறுத்தினார். மிஸ்ரியாகூட ஏதோ சொல்ல வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏழெட்டுப் பேர் பேசியிருப்போம். எல்லோருடைய பேச்சும் ஒரே இடத்தில் வந்து நின்றது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் மட்டுமில்லை. இந்த அறையில் இருப்பவர்களில் எத்தனை பேர் ஏமாந்திருக்கிறோம் என்று ராத்தா ஒருவருக்குத்தான் தெரியும். ஒருவரின் கதையை இன்னொருவருக்கு அவர் சொன்னதில்லை. சொல்ல வேண்டியது நாங்கள் என்றுதான் காத்திருந்தார். நாங்களோ ஒரே கரையில் வசித்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் வெங்காயம் கொடுத்து வாங்கிக்கொண்டு, அதே ஆட்களிடம் அதே விதமாக, ஒருவர் பின் ஒருவராக ஏமாந்துகொண்டிருந்தோம்.

என் வாய் தானாகத் திறந்தது என்றுதான் சொல்லவேண்டும். "நான் போனில நம்பரச் சொல்லி ஏமாந்திட்டன். புள்ளட கண் ஒபரேசனுக்கு வெச்ச காசு. பாதி போயிட்டு. இன்னும் அவருக்குச் சொல்லல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் பக்கத்தில் மாமி இருப்பது நினைவுக்கு வந்தது. பிறகு மூலையில் இருந்த ஒரு பெண், "எனக்கு கரண்ட் பில்லுண்டு சொல்லி எடுத்த" என்றார். "எனக்கு பார்சல்" என்றாள் மிஸ்ரியா. இன்னொருவர், இன்னொருவர். ஆட்டோ நானா வெளியே கதிரையில் இருந்து, உள்ளே என்ன இது என்று எட்டிப் பார்த்திருப்பார்.

திரும்பும் வழியில் மாமி குடையை எனக்கும் சேர்த்துத்தான் பிடித்திருந்தார். வீட்டுப் படலையில் நின்று, "அவனுக்கு நீ சொல்றியா, நான் சொல்லவா?" என்றார்.

"நான் சொல்றன் மாமி."

"அஸருக்கு முந்திச் சொல்லு. பொறகு அவனுக்கு வேல."

சொன்னேன். முதலில் கண்ணைப் பற்றித்தான் கேட்டார்: அது நெசமா நேராகிட்டுதானே, அதிலும் பொய் ஒன்றும் இல்லையே? இல்லை என்றேன். அந்தக் கேள்விதான் என்னை அதிகமாக நோகடித்தது. ஒரு பொய் சொன்ன வாயை எதில் நம்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. "காசு போனது வேற. எட்டு மாசமா நீங்க தனியா வெச்சிக்கொண்டு இரிந்தீங்களே, அதுதான் எனக்கு ஏலாது" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினார், ஆனால் பிள்ளையோடுதான். இப்போது என்னோடும் பேசுகிறார். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எழுத மாட்டேன். பெருநாளைக்கு வருவார். கூரை அடுத்த வருடம். எழுதியதை உங்களுக்கு அனுப்புவதற்கு முன் அவருக்கு வாசித்துக் காட்டினேன். "அரிவாளண்டு எழுதினது சரி, அவங்க வீட்டில அது பெரிய அரிவாள்தான்" என்று மட்டும் சொன்னார்.

போன கிழமை மாமி தன் கைபேசியைப் பாம்பைப் பிடித்ததுபோல் தூரப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் வந்தார். படித்த மருமகள் என்று ஊரெல்லாம் என்னைப் பற்றிப் பெருமையும் குத்தலுமாகச் சொல்லித் திரிந்தவர். பதினைந்து வருடமாகக் குடும்பத்தின் எந்தக் கணக்கிலும் பிழை விடாதவர்.

"புள்ள, நான் ஒரு நம்பரச் சொல்லிட்டன். இப்பதான். இன்னும் போன் சூடா இரிக்கி."

வங்கிக்கு அழைத்தோம். அவருடைய பெயரை அவரே சொன்னார், நடுங்காமல். ஒன்றும் போகவில்லை. நேரத்தோடு நிறுத்திவிட்டோம் என்றார்கள். மாமி கதிரையில் அமர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"இதையும் அவனுக்குச் சொல்லணுமா? ஒண்டும் போகல்லத்தானே."

"சொல்லணும் மாமி."

"அப்ப நீயே சொல்லிரு."

"இல்ல மாமி. நீங்க கதைங்க. நான் இங்கதான் இரிக்கிறன்."

கட்டாருக்கு மணி அடிக்கத் தொடங்கியது. மாமி தொண்டையைச் செருமினார். அந்த மூன்று விசைகள் எனக்கு இப்போதும் மறந்து போகின்றன. திரை மறுபடி தலைகீழானால் யாரிடம் போவேன் என்று தெரியாது. ராத்தாவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது பிழைவிட்ட ஒருவரின் பக்கத்தில், ஏன் என்று கேட்காமல் உட்கார்ந்திருக்கும் பழக்கம் மட்டும்தான். அதுவும் இப்போதுதான் வருகிறது. மாமி பேசி முடிக்கும்வரை எழுந்து போகாமல் இருந்தேன்.